டிரினிடாட் மொளகாயும் என் ஆட்டமும்

போன வாரம் எனக்கு ஒரே ஒரு சோலிதான். விருந்தாளி ரெண்டு பேரை ஜீப்புல போடிமெட்டு மலைக்குக் கூட்டிப்போயி, ஏலக்காத் தோட்டம் காட்டி, மத்தியானச் சோறு போட்டுக் கூட்டியாரணும்.

வந்தவங்க லீலா மேடமும் அவங்க வீட்டுக்காரரும். ஊரு டிரினிடாட். கரீபியன் கடல்ல ஒரு தீவு. கைடு வேலையில எனக்கு மொதோ வெளிநாட்டு சவாரி. நல்லாப் பேரெடுத்தா அடுத்தடுத்து ஆளு வரும்.

ஏத்தம் முழுக்கப் பேசிக்கிட்டே வந்தேன். மேடம் கொட்டாவி விட்டாங்க. பேச்ச நிறுத்தல.

தோட்டத்துல பத்மாக்கா சமையல். கப்பக்கெழங்கும் மீன்கறியும். எலையப் போட்டதும் மேடம் பையிலருந்து ஒரு பாட்டில எடுத்தாங்க.

"உங்க சாப்பாட்ட நீங்க காட்டுறீங்க. எங்க சாப்பாட்ட நான் காட்டவா?"

உள்ள மஞ்சளா கெட்டியா இருந்துச்சு. மாம்பழ ஜாமு போலன்னு நெனச்சேன்.

"மொளகாச் சட்னி. எங்க வீட்டுல அரைச்சது. ஒரு சொட்டுப் போதும்."

"மேடம், நாங்க தேனி ஆளுக. பச்ச மொளகாயக் கடிச்சுக்கிட்டு பழைய சோறு திங்கிறவுங்க," ன்னேன்.

ஒரு கரண்டி ஊத்தி, கெழங்கோட உருட்டி உள்ள தள்ளிட்டேன்.

மொதல்ல ஒண்ணும் தெரியல. நல்ல வாசம். "இவ்வளவுதானா?"ன்னு கேக்க வாயத் தொறந்தேன். சத்தம் வரல.

காது அடைச்சுப்போச்சு. கண்ணு ரெண்டும் அருவி. தண்ணியக் குடிச்சேன், எரிச்சல் தொண்டைக்கு எறங்குச்சு. எந்திரிச்சு வாசலுக்கு ஓடுனேன்.

அங்க மேடத்தோட வீட்டுக்காரரு போன்ல அவுங்க ஊருத் திருவிழாப் பாட்டப் போட்டு, தோட்டத்து அக்காமாருக்கு ஆட்டம் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்தாரு. நான் நடுவுல போயி விழுந்தேன்.

ஒரு காலத் தூக்குனேன், மறு காலத் தூக்குனேன். ரெண்டு கையாலயும் வாய்க்கு விசிறுனேன். இடுப்பு தன்னால ஆடுச்சு.

"பாருங்க, இப்படித்தான்," ன்னு அவரு என்னயக் காட்டுனாரு. அக்காமாரு பூராம் என்னயப் பாத்து வாய்க்கு விசிறுறாக.

"தயிரு... தயிரு..." ன்னேன்.

"தம்பி பாட்டும் பாடுறாரு," ன்னாக ஒரு அக்கா.

கடேசில பத்மாக்காதான் மொகத்தப் பாத்துப் புரிஞ்சுக்கிட்டு மோரு கொண்டாந்தாக. ஒரு சொம்பு குடிச்சப்பறந்தான் உசுரு வந்துச்சு. நாக்கு மட்டும் வரல.

எறங்கும்போது நான் வாயே தொறக்கல. வண்டியில ஒரே சிரிப்பு. மேடம் ஒவ்வொரு வளைவுலயும் வண்டிய நிறுத்தச் சொல்லி மலையப் பாத்துப் பாத்து வந்தாங்க.

கெளம்பறப்ப கையப் புடிச்சுக்கிட்டு, "அடுத்த வருசம் எங்க சொந்தக்காரங்களயும் கூட்டிட்டு வர்றோம். கைடு நீங்கதான்," ன்னாங்க.

எனக்குப் பெரும. வீட்டுல வந்து சொன்னேன்.

அதுக்குள்ள அக்காமாரு எடுத்த வீடியோ போடி பூராம் சுத்திருச்சு. பக்கத்துல ராசிங்காபுரத்துல ஒரு காதுகுத்துக்கு ஆட வரச்சொல்லி ஆளு வந்து நிக்கிது.

என் வீட்டுக்காரி வந்தவுககிட்ட ஒண்ணுதான் கேட்டா: "மொளகா நீங்க கொண்டாருவீகளா, நாங்க கொண்டாரணுமா?"