தினமும் செத்துப்போன சார்

ஓசூரிலேயே அதிகத் தடவை செத்துப்போன மனிதர் எங்கள் காலமான சார்தான். காலையில் ஒரு தடவை, டீக்கு அப்புறம் ஒரு தடவை, மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிய ஈரத்தோடு இரண்டு தடவை என்று செத்திருக்கிறார். மழைக்காலம் வந்தால் கணக்கே கிடையாது. அத்தனை தடவை செத்தும் ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை.

அவருடைய நிஜப் பெயர் பாகலூர் ரோட்டில் யாருக்கும் தெரியாது. "காலமான சார் இருக்காரா?" என்று கீழே தெருவிலிருந்து யாராவது குரல் கொடுப்பார்கள். "வடை வாங்கப் போயிருக்காரு, மேல வந்து உக்காருங்க" என்று நான் மாடியிலிருந்து சொல்வேன். புதிதாக வந்தவர்கள் படியேறாமல் அப்படியே திரும்பிப் போனதும் உண்டு.

ஊரில் தெருவுக்கு ஒரு பிரவுசிங் சென்டர் முளைத்துக்கொண்டிருந்த சமயம் அது. சார் ஆபீசாக வைத்திருந்த அந்த மாடியைக் கூட்டிப் பெருக்கி, வருகிறவர்களுக்கு டீ போட்டுக் கொடுப்பது என் வேலை. சார் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில், இறந்தவர்கள் வீட்டிலிருந்து வரும் காகிதங்களைச் சரிபார்க்கும் இடத்தில் இருந்து ரிட்டையர் ஆனவர். "அங்க வர்றவங்க எல்லாம் அழுதுட்டே வருவாங்கம்மா. முன்னாடியே கேக்க வேண்டியத அப்பதான் கேப்பாங்க. பதிலக் கேட்டு ரெண்டாந்தடவ அழுவாங்க. அந்த ரெண்டாவது அழுகைய நிறுத்திடணும்" என்பார்.

அதற்காகவே இன்டர்நெட்டில் ஒரு கேள்வி பதில் பக்கம் ஆரம்பித்தார். பாலிசி எடுத்தவர்கள் கேட்க வேண்டும். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி ஏஜென்டுகள் பதில் எழுத வேண்டும். கம்ப்யூட்டர் தெரியாதவர்கள் மாடிக்கு வந்து வாயால் சொன்னால் போதும், சாரே ஒற்றை விரலால் தட்டி ஏற்றிவிடுவார். அவர் ஒரு எழுத்தைத் தட்டி அடுத்த எழுத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் நான் ஒரு அறையைப் பெருக்கி முடித்துவிடலாம்.

எனக்கும் கேட்க ஒன்று இருந்தது. நாங்கள் கல்லாவிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். என் வீட்டுக்காரருக்கு இரும்பு வார்க்கும் பவுண்டரியில் வேலை. அவர் பேரில் ஒரு பாலிசி போட்டோம். அப்போதே அவருக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. படிவத்தில் அதைக் கேட்டிருந்த இடத்தில், "இருக்குதுன்னு போட்டா கம்பெனிக்காரன் நூறு கேள்வி கேப்பான்க்கா" என்று சொல்லி 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டார் கிருஷ்ணகிரி ஏஜென்ட். நாளைக்கு அவருக்கு ஒன்று ஆனால் அந்த டிக் என்னையும் பிள்ளைகளையும் தெருவில் நிறுத்துமா, நிறுத்தாதா? அதுதான் என் கேள்வி. யாரைக் கேட்பது? அதே கிருஷ்ணகிரி ஏஜென்ட்தான் வாரத்துக்கு இரண்டு நாள் வந்து, என் கையால் டீ வாங்கிக் குடித்துவிட்டு, சாருடைய பக்கத்துக்குப் பதில் எழுதுகிறவர். அதோடு நாலு பேர் எதிரில் வாய் திறக்கும் பழக்கம் எனக்கு அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை.

ஆரம்பத்தில் பக்கம் காற்றாடியது. கேள்வியே வராது. தப்பித் தவறி வந்தாலும் ஏஜென்டுகள் எல்லாரும் ஒரே பதில்தான் எழுதுவார்கள்: "விவரங்களுக்கு என்னை அழைக்கவும்." கீழே போன் நம்பர். சாருக்கு வந்ததே கோபம், பதிலில் நம்பர் போடக் கூடாது என்று சட்டம் போட்டார். மறுநாளே கிருஷ்ணகிரி ஏஜென்ட் நீளமாக ஒரு பதில் எழுதினார். "ஒன்பது நாட்களுக்குள், எட்டு நகல்களை, நான்கு சாட்சிகளுடன், இரண்டு முறை..." என்று போனது. சார் படித்துவிட்டு, "எட்டு நகல் எதுக்குய்யா?" என்று யோசித்தபடி அதிலிருந்த எண்களை விரல் விட்டு எண்ணினார். சரியாகப் பத்து. பதிலுக்குள்ளேயே நம்பரைப் புதைத்து வைத்திருந்தார் அந்த மனிதர்!

ஆனால் கேள்வி வராததுக்குக் காரணம் ஏஜென்டுகள் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை உத்தனப்பள்ளியிலிருந்து ரோஜாத் தோட்டம் வைத்திருக்கும் புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சார், இப்ப நான் நல்லா இருக்கறன். நாளைக்குத் திடீர்னு நான்..." என்று ஆரம்பித்தார். அந்த அம்மா அவர் வாயைப் பொத்திவிட்டது.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா உங்க வாய்ல வர்ற வார்த்தையப் பாரு. எந்திரிங்க, போலாம்."

"கேள்விதானம்மா கேக்கறாரு" என்றார் சார்.

"ஏன், உங்க வீட்ல இந்த மாதிரி கேப்பீங்களா?"

சார் முகமெல்லாம் சிரிப்பாக நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சரிம்மா, உங்க வீட்டுக்காரரு நல்லா இருக்கட்டும். நான் செத்துடறன். எனக்கு உத்தனப்பள்ளியில ரெண்டு ஏக்கரா ரோஜா. கெணத்துல விழுந்துட்டன். இப்பக் கேளுங்க."

போகக் கிளம்பிய அம்மா திரும்ப உட்கார்ந்தது. "தெரிஞ்சே விழுந்தீங்களா சார், தவறி விழுந்தீங்களா?"

"தவறித்தாம்மா."

"குடிச்சிருந்தீங்களா?"

சார் அந்தம்மா வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் கூரையில் சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார்.

"கொஞ்சமாக் குடிச்சிருந்தன்னு வெச்சுக்கலாம்மா" என்றார் சார்.

அப்புறம் அந்த அம்மா கேட்ட கேள்விகளை எழுத இரண்டு மணி நேரம் ஆயிற்று. அவர்கள் போனதும் சார் ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டினார்: 'இங்கே கேள்வியில் சாகிறவர் சார் மட்டுமே. வேறு யாரும் சாக வேண்டாம்.' அதையே பக்கத்தின் தலையிலும் போட்டார்.

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. சார் பிரஸ் மெஷினில் மாட்டினார். கம்பெனி பஸ் கவிழ்ந்து போனார். குடமிளகாய் போட்டிருந்த பசுமைக்குடிலில் பாம்பு கடித்துப் போனார். ஆஸ்பத்திரிக்கே போகாமல் நாட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டும் போனார். கீழே டீக்கடையில், "இன்னைக்கு எப்படிப் போனாராம்?" என்று விசாரிக்கிற அளவுக்கு ஆகிவிட்டது. தன் வீட்டுக்காரரைப் பற்றி வாயே திறக்காத பெண்கள்கூட சாரை வகை வகையாகச் சாகடித்தார்கள். பாகலூரிலிருந்து வந்த ஒரு கன்னடக்கார அம்மா மட்டும் பாதிக் கேள்வியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அய்யோ பாப, ஒள்ளே மனுஷ" என்று தேம்ப ஆரம்பித்துவிட்டது. நல்ல மனுஷன் போய்விட்டாரே என்று துக்கம். சாரே எழுந்து தண்ணீர் கொடுத்தார். "இங்கதாம்மா இருக்கறன், அழாதீங்க."

ஏஜென்டுகளுக்கும் ஒரு சட்டம் வந்தது. எந்தப் பதிலாக இருந்தாலும் முதல் வரி இரங்கலாக இருக்க வேண்டும். "ஒரு மனுஷன் செத்திருக்கறன். எடுத்த எடுப்புலயே ஜெராக்ஸ் கேக்கறியே, நீயெல்லாம் நல்லா இருப்பியா?" என்று போனில் ஒரு ஏஜென்டைப் பிடித்துக் கத்தினதை நானே கேட்டேன்.

இந்த இரங்கல்களை நம்பி ராயக்கோட்டையிலிருந்து ஒருவர் மாலையோடு வந்துவிட்டார். சார்தான் கதவைத் திறந்தார்.

"இங்க ஒரு சார் தவறிட்டாருன்னு கம்ப்யூட்டர்ல படிச்சங்க..."

"நான்தாங்க. உள்ள வாங்க, டீ சாப்பிடுங்க."

வந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவரைத் தெளிய வைத்து அனுப்பிய பிறகு, மாலை வீணாகப் போகக் கூடாது என்று கம்ப்யூட்டருக்குப் போட்டுவிட்டார் சார். இரண்டு நாள் மாடியேறி வந்தவர்கள் எல்லாரும் அதைக் கும்பிட்டுவிட்டுத்தான் கேள்வி கேட்டார்கள்.

சாருடைய வீட்டம்மாவுக்கு விஷயம் தெரிந்தது அதற்கும் பிறகுதான். யாரோ ஒருவர், சாருக்கு இரண்டு சம்சாரம் இருந்து அவர் செத்துவிட்டால் யாருக்குப் பணம் என்று கேட்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண் அதைப் படித்து அந்த அம்மாவிடம் ஓதிவிட்டது. அன்றைக்கு மாடிப்படி அதிர்ந்தது.

"சாகறதுன்னா தனியா சாகணும். கூட எதுக்கு இன்னொருத்திய சேத்துக்கிட்டீங்க?"

"அடி, பதில முழுசாப் படிச்சியா? நாமினி நீதான்டி."

வீட்டம்மா கொஞ்சம் யோசித்தார். "அவளுக்கு ஒண்ணும் இல்லையா?"

"கோர்ட்டுக்குப் போலாம்னு எழுதியிருக்காங்க."

"போவட்டும், போவட்டும்" என்று சொல்லிவிட்டு, இல்லாத சக்களத்தியை ஜெயித்த திருப்தியோடு என்னிடம் டீ வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

இதையெல்லாம் கேட்டுச் சிரித்துக்கொண்டே நான் கிளாஸ் கழுவுவேன். ஆனால் உள்ளே அந்த டிக் உறுத்திக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தடவை சார் சாகும்போதும், இந்தத் தடவை சர்க்கரை வியாதி வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன்.

ஒரு திங்கட்கிழமை அது வந்தது. பேரிகைப் பக்கத்து ஆள் ஒருவர், சர்க்கரை வியாதியை மறைத்துப் பாலிசி எடுத்த சாரைச் சாகடித்தார். கிருஷ்ணகிரி ஏஜென்ட் பக்கத்திலேயே இருந்தார். "ஆழ்ந்த இரங்கல்" என்று ஆரம்பித்து, "மறைச்சது தெரிஞ்சா கம்பெனிக்காரன் தர மாட்டான் சார். குடும்பத்துக்கு ஒண்ணும் வராதுன்னு போடுங்க" என்றார். குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. எத்தனையோ படிவம் நிரப்புகிறவர், எங்களுடையது அவருக்கு நினைவே இல்லை.

என் கையிலிருந்த கிளாஸ் விழுந்து உடைந்தது.

பேரிகை ஆளை அனுப்பிவிட்டுச் சார் என் பக்கம் திரும்பினார். "நீங்க கிளாஸ் ஒடைச்சு நான் பாத்ததே இல்லையேம்மா" என்றார். கேள்வி கேட்கிறவர்கள் உட்காரும் நாற்காலியைத் தட்டிப் போட்டார். "உக்காருங்க. சொல்லுங்க, நான் எப்படி சாகறன்?"

தினமும் துடைக்கிற நாற்காலிதான். அன்றைக்குத்தான் முதல் தடவையாக உட்கார்ந்தேன். எதிரில் கிருஷ்ணகிரி ஏஜென்ட் டீ உறிஞ்சிக்கொண்டிருக்கிறார். சாருடைய ஒற்றை விரல் தயாராக நிற்கிறது.

"சார், நீங்க..." என்றேன். "நீங்க பவுண்டரியில..." என்றேன். அதற்கு மேல் நாக்கு புரளவில்லை.

"ஒரே போடாப் போட்டுத் தள்ளுங்கம்மா, எனக்குப் பழக்கந்தான்."

"சார், யாரும் சாகாம ஒரு கேள்வி கேக்கலாங்களா?"

சாருடைய விரல் அப்படியே அந்தரத்தில் நின்றது. இத்தனை நாளில் அந்த நாற்காலியில் உட்கார்ந்த யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"கேளுங்கம்மா" என்றார், மெதுவாக.

சொன்னேன். என் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறார், வேலைக்குப் போகிறார், சர்க்கரை இருக்கிறது, படிவத்தில் இல்லை என்று இருக்கிறது, அதை இப்போதே மாற்ற முடியுமா என்று கேட்டேன். யார் டிக் அடித்தது என்று மட்டும் சொல்லவில்லை.

ஏஜென்ட் கிளாஸைக் கீழே வைத்தார். "அக்கா... அது நான் எழுதின படிவமா?"

"ஆமாங்க."

சார் திட்டவில்லை. கேள்வியைத் தட்ட ஆரம்பித்தார். அந்த விரல் அவ்வளவு மெதுவாகப் போவது அன்றைக்குத்தான் எனக்கு நல்லதாகப் பட்டது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஏஜென்டுக்கு வேர்த்தது. தட்டி முடித்துவிட்டு, "பதில் யாரு எழுதறது?" என்றார் சார்.

"நானே எழுதறன் சார். மொதல்ல இரங்கல் போடணுங்களா?"

"யாருமே சாகலையேய்யா!"

"அப்ப என்னன்னு ஆரம்பிக்கறது?"

"மன்னிக்கணும்னு ஆரம்பி."

அப்படியே ஆரம்பித்தார். பாலிசிக்காரர் உயிரோடு இருக்கும்போதே உண்மையைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கலாம், ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள், பிரீமியம் கூடலாம், பாலிசியே வேண்டாம் என்றும் சொல்லிவிடலாம், ஆனாலும் தெரிவிக்கிறதுதான் நல்லது என்று எழுதினார். கம்பெனிக்குப் போக வேண்டிய கடிதத்தையும் அவரே எழுதி, டிக் அடித்தது தன் தப்பு என்று கீழே கையெழுத்துப் போட்டார்.

வீட்டில்தான் சண்டை. "கம்பெனிக்காரனே மறந்துட்டான். நீ எதுக்குடி போயி ஞாபகப்படுத்தற?" என்றார் என் வீட்டுக்காரர். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு எதிராக ஒரு சொல் சொல்லாத நான், பேனாவை அவர் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, குழம்பு ஊற்றாமல் நின்றேன். கையெழுத்து விழுந்த பிறகுதான் ஊற்றினேன். ரத்தம் எடுத்தார்கள். பிரீமியம் கூடியது. பாலிசி நிலைத்தது. பல வருஷம் கழித்து அவர் போய்ச் சேர்ந்தபோது அந்தக் காகிதங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். யாரும் என்னை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நான் ஒரு தடவை மட்டும் அழுதேன்.

என் கேள்விக்குப் பிறகு சார் தன் பக்கத்தில் 'உயிரோடு இருப்பவர்கள் கேட்பது' என்று தனியாக ஒரு பிரிவு வைத்தார். பேரில் எழுத்துப் பிழை, வயது தப்பு, மறைத்த வியாதி, கட்ட மறந்த தவணை என்று அதில்தான் கூட்டம் அதிகமானது. "ரெண்டு நாளா நான் சாகவே இல்லையேம்மா" என்று சார் சில சமயம் குறைப்பட்டுக்கொள்வார். பிறகு மகளோடு இருக்கப் பெங்களூர் போய்விட்டார். இன்டர்நெட்டில் அந்தக் கேள்வி பதில் பக்கமும் இப்போது வருவதில்லை என்கிறார்கள்.

ஊரே கூசாமல் சாகடித்த மனிதரை அன்றைக்கு நீங்கள் ஏன் விட்டுவிட்டீர்கள் என்று பெங்களூர் போகும் முன் சாரே என்னைக் கேட்டார். வெட்கத்தில் கிளாஸ் கழுவப் போய்விட்டேன். இப்போது சொல்கிறேன். தினமும் சாயங்காலம் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கியதும், ஒரு பிடி கல்லுப்பு எடுத்து, அவர் உட்கார்ந்த நாற்காலியை மூன்று தடவை சுற்றி வாளித் தண்ணீரில் போடுவேன். மிளகாயும் சேர்த்து நெருப்பில் போட்டால் நெடி கீழ்க் கடைக்குப் போகும் என்று உப்போடு நிறுத்திக்கொண்டேன். ஒரு நாளைக்கு எத்தனை பேர் வாயிலிருந்து அவருக்குச் சாவு வந்திருக்கும்! அதனால் உப்பு முழுசும் கரைகிறவரைக்கும் பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுவேன்.