வுயிசிலே செய்த குட்டைச் சுங்கான்

கோமானியில் மரம் செதுக்கிப் பிழைக்கும் என் அருமைத் தம்பி வுயிசிலேவுக்கு, கோஃபிம்வாபாவிலிருந்து அக்கா நோசகேலே எழுதுவது. இங்கே மாடு கன்று சௌக்கியம், சோளம் முழங்கால் உயரம், உன் அத்தானுக்கு இருமல் தேவலை. அங்கே நீயும் பெண்டாட்டி பிள்ளைகளும் நலமாக இருக்க முன்னோர்கள் துணை நிற்கட்டும். என் நாக்கு மட்டும் நலமில்லை. அது வெந்து கிடப்பதற்குக் காரணம் நீ.

நான் உன்னிடம் என்ன கேட்டேன்? என் பிள்ளை சோலானி மலைக்குப் போய்ச் சடங்கு முடித்து ஆம்பிளையாகித் திரும்பிவிட்டான், மகன் ஆளான பிறகு நானும் விருந்து வீடுகளில் பெரிய பெண்கள் பாயில் உட்காரலாம், அதற்கு முழங்கை நீளத் தண்டு வைத்துப் புகையிலைச் சுங்கான் ஒன்று செய்து அனுப்பு என்றேன். இத்தனை வருஷம் மருமகளாக பீர்ப் பானை தூக்கியவளடா நான். நீயோ எவனோ கடையில் வைத்திருந்ததைப் பார்த்து, சுண்டுவிரல் நீளத்தில், வாத்துக் கழுத்து மாதிரி வளைத்து, "இதான்க்கா இப்போ புதுசு" என்று சொல்லி அனுப்பினாய்.

சனிக்கிழமை மேல்வீட்டு விருந்தில் அந்தப் பாயில் போய் உட்கார்ந்தேன். எல்லாருடைய சுங்கானும் மடியைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்க, என்னுடையது மூக்குக்கு அடியில் புகைந்தது. நீளத் தண்டில் வரும் புகை வழியிலேயே ஆறிப் பதமாக வாய்க்கு வரும்; உன்னுடையதில் அடுப்பே நேராக வாய்க்குள் வந்துவிட்டது. புகையிலை அடைக்கும் கிண்ணத்தின் சுவரை அவ்வளவு மெலிசாகவா செதுக்குவாய்? தொட்டால் விரல் பொசுங்கியது, அதனால் பல்லால் கடித்துக்கொண்டேன், புகை கண்ணில் ஏறிக் கண்ணீர் கொட்டியது, பக்கத்திலிருந்தவள் என்னைக் கட்டிக்கொண்டு, "அழாதடி, புள்ள ஆளாயிட்டான்னா பெத்தவளுக்கு அப்படித்தான் இருக்கும்" என்று தானும் அழ, அந்த வரிசையே மூக்கைச் சிந்தியது. சரி, ஒரே கிண்ணத்தில் அவரவர் தண்டைச் செருகி மாற்றி மாற்றி இழுக்கிறார்களே, அதிலாவது சேரலாம் என்றால், உன் தண்டு கிண்ணத்தோடு ஒட்டிப் பிறந்தது, கழற்றவே வரவில்லை.

அப்போதுதான் என் வீட்டுக்காரரின் அக்கா நோம்புலெலோ வாயைத் திறந்தாள்.

"ஏம்மா நோசகேலே, எந்தக் கிழவன் பாக்கெட்லேர்ந்து இத உருவுன?"

"என் தம்பி செஞ்சது மதினி."

"அளவெடுக்கறப்ப தூங்கிட்டானா? சரி, உனக்குத்தான் ரெண்டு கையும் சும்மா இருக்கே. எந்திரி, அந்தப் பானையத் தூக்கிட்டு வா."

அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, அதுதான் எனக்கு எரிச்சல். நீளச் சுங்கானைப் பிடிக்க ஒரு கை வேண்டும். கையில் சுங்கானோடு இருப்பவளை யாரும் வேலை ஏவுவதில்லை. நான் உன் சுங்கானைப் பல்லில் கடித்தபடி பானை தூக்கினேன், கறி பரிமாறினேன், கடைசியில் பாத்திரமும் தேய்த்தேன். திரும்பி வந்தால் பாயில் என் இடத்தில் நாய் படுத்திருக்கிறது. அப்போது எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. அதை ஒருத்தியும் கவனிக்கவில்லை.

ஆகையால் இதைத் திருப்பி அனுப்புகிறேன், அடுப்பில் போடு. இனி இந்த மாதிரியில் ஒன்றுகூடச் செய்யக்கூடாது, நம் அப்பா மேல் ஆணை. கேட்டபடி நீளத் தண்டு வைத்து ஒன்று உடனே அனுப்பு.

முன்னோர்கள் உன் கைக்கு நிதானமும் கண்ணுக்கு அளவும் தரட்டும். பிள்ளைகளுக்கு முத்தம்.

நாக்கு வெந்த அக்கா,
நோசகேலே

பி.கு.: ஆணையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். உறையை ஒட்டப்போகும் நேரத்தில் நோம்புலெலோ வந்தாள். சுங்கானை எடுத்து, உதட்டில் படாமல் வாயோரம் வைத்து, கண்ணாடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டாள். "டவுன்காரி மாதிரி இருக்கேன்ல? எனக்கும் ஒண்ணு செய்யச் சொல்லேன்" என்கிறாள். என்னுடையதோடு சேர்த்து அவளுக்கும் ஒன்று அனுப்பு, இதைவிடக் குட்டையாக. அடுத்த மாதம் கீழ்வீட்டில் கல்யாணம், ஊரே சாப்பிட வருகிறது. அவளுக்கு ரெண்டு கையும் சும்மா இருக்க வேண்டும்.