சிவப்பு நூல், மூன்றே அங்குலம்

அனிபாலுக்கு மூன்று அங்குல நூல்தான் வேண்டியிருந்தது. ஸ்வெட்டரின் கை முழங்கை வரை பிரிந்து வந்துவிட்டது.

அது மாமியார் எடெல்மிராவின் ஸ்வெட்டர். வீடும் அவளுடையது. விஷயம் தெரிந்தால் அவன் பெட்டி தெருவில் கிடக்கும்.

நாளை ஹுனின் ஊர் மீன்பிடி மன்றத்தில் போட்டி. ட்ரௌட் மீனை ஏமாற்றும் பொய்ப்பூச்சியைத் தூண்டில் முள்ளில் கட்ட வேண்டும். கடைச் சரக்கு கூடாது. எல்லாம் அவரவர் வீட்டில் கிடைத்ததாக இருக்க வேண்டும்.

இரண்டு கையும் சமமாக இருந்தால் சந்தேகம் வராது. அடுத்த கையையும் பிரித்தான்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் எடெல்மிரா ஸ்வெட்டரைத் தூக்கிப் பிடித்தாள்.

"மாப்ளே, இது என்ன?"

"நாய் கடிச்சிருக்கும், அத்தை."

"ரெண்டு கையையும் அளவெடுத்தா கடிச்சுது?"

"புத்திசாலி நாய்."

மனைவி நெலிதா மாத்தே டீயை உறிஞ்சியபடி கூரையைப் பார்த்தாள். எடெல்மிரா எழுந்து போய் நாயைச் சங்கிலியில் கட்டினாள். அனிபால் எட்டு வருஷம் வளர்த்த நாய்.

"ஞாயித்துக்கிழமை இது என் தம்பி பண்ணைக்குப் போவுது. நீங்க போய்ப் படுங்க மாப்ளே. தூக்கம் கெட்டா இன்னும் கொட்டும்."

அது வேறு கவலை. ஒரு மாதமாக அவன் பின்மண்டையில் வட்டமாக முடி போய்க்கொண்டிருந்தது. டாக்டருக்கே பிடிபடவில்லை. தினமும் களிம்பு தடவிவிடுவது மாமியார்தான்.

மறுநாள் மன்றத்தில் ஆளுக்கொரு சீட்டு நீட்டினார்கள். பூச்சியை எதில் கட்டினோம் என்று எழுத வேண்டுமாம். செயலாளர் பஸ்குவால் அதைச் சத்தமாகப் படிப்பாராம்.

அனிபால் 'நாயின் பழைய போர்வை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தான்.

முதல் வரிசையில் எடெல்மிரா. இந்த மன்றத்துப் பக்கமே வராதவள். அதுவும் அந்த அரைக்கை சிவப்பு ஸ்வெட்டரில்.

"ரெண்டாம் பரிசு, அனிபால்," என்றார் பஸ்குவால். "பூச்சியோட உடம்பு சிவப்புக் கம்பளி. நாயோட பழைய போர்வை."

மன்றமே பூச்சியைப் பார்த்தது. பிறகு எடெல்மிராவின் முழங்கையைப் பார்த்தது.

அனிபால் எழுந்தான்.

"நான்தான் பிரிச்சேன், அத்தை. என்னை வேணா துரத்துங்க. நாயை விட்டுடுங்க."

"உக்காருங்க மாப்ளே. இன்னும் முதல் பரிசு பாக்கி இருக்கு."

பஸ்குவால் கடைசிச் சீட்டைப் பிரித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

"முதல் பரிசு, எடெல்மிரா அம்மா. இறக்கை மருமகன் முடி. மதியத் தூக்கத்துல, பின்மண்டையிலேர்ந்து, தினம் ஒரு கொத்து."