ஹெட்போனைத் திருப்பி அனுப்புவது பற்றி

சாத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் இசைவாணிக்கு அப்பா தங்கச்சாமி எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அம்மாவும் சுகம். ஓசூரில் நீயும் மாப்பிள்ளையும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன். கையில் போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் தபாலில் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்லி, நான் ஒரு வரி சொல்வதற்குள் மூன்று வரி திருத்திவிடுகிறாள். காகிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை.

விஷயம், நீ பொங்கலுக்கு வாங்கிவந்த ஹெட்போன். குறை சொல்வதாக எண்ணாதே, அருமையான பொருள். சிவகாசி அச்சகத்தில் ஆப்செட் மெஷினுக்குப் பக்கத்திலேயே முப்பத்தோரு வருஷம் நின்ற காது இது. காலண்டர் சீசனில் மூன்று மெஷின் ஒன்றாக ஓடும்போது முதலாளியே கையசைத்துத்தான் பேசுவார். அதனால்தான் நம் வீட்டு ஸ்பீக்கர் பெட்டி இரண்டையும் கொஞ்சம் சத்தமாக வைத்தேன். கொஞ்சம் என்பது என் கணக்கு. பக்கத்து வீட்டுப் பிரீத்திகா குரூப் ஃபோர் தேர்வுக்குப் படிக்கிறாள், அவள் எழுதிப் பார்த்த தாளில் வரலாற்றுக்கு நடுவே ஒரு பல்லவி வந்துவிட்டது என்று அவள் அம்மா கொண்டுவந்து காட்டிய அன்றுதான் நீ கடைக்குப் போனாய்.

முதல் நாள் மாட்டியதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது, வாணி. பாடகி வரிக்கு வரி மூச்சு எடுப்பது கேட்டது. இத்தனை வருஷம் கேட்ட பாட்டோடு அன்றைக்குத்தான் நேரில் பழகியது போல இருந்தது. ஆனால் அதை மாட்டிக்கொண்டால் என் குரல் எனக்குக் கேட்பதில்லை. மனதுக்குள் பாடுவதாகத்தான் நினைத்தேன். மூன்றாம் நாள் பிரீத்திகா வாசலில் வந்து நின்று, மிகவும் மரியாதையாக, "பெரியப்பா, நீங்க ஸ்பீக்கர்லயே போட்டுருங்க, அதுல ராகமாச்சும் சரியா வரும்" என்றாள். வாயை மூடிக்கொண்டு கேட்கப் பழகினேன். அடுத்து, ஆறு நாளைக்கு ஒருமுறை வரும் நகராட்சித் தண்ணீர் வந்து, ஒன்றரை மணி நேரம் ஓடி, தெருவே குடம் குடமாகப் பிடித்து முடித்து, நின்றும் போனது. நான் சரணத்தில் இருந்தேன். சாயங்காலம் பட்டாசுக் கம்பெனி வேனில் வந்து இறங்கிய உன் அம்மா, கை கழுவ டிரம்மைத் திறந்து பார்த்தாள், மூடினாள், பக்கத்து வீட்டில் ஒரு குடம் வாங்கிவந்தாள். திட்டவில்லை. அவள் திட்டாமல் இருந்தால்தான் எனக்குப் பயம் என்பது உனக்குத் தெரியும்.

இதெல்லாம் சில்லறை. எழுத உட்கார்ந்தது செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்ல. காலை பதினோரு மணி இருக்கும். போனைச் சமையலறையில் சார்ஜில் போட்டுவிட்டு, பாட்டுப் பெட்டியில் ஹெட்போன் வயரைச் செருகிக் கண்ணை மூடி உட்கார்ந்தேன். அந்த நேரத்தில் மேற்கே ஒரு வெடிச்சத்தம். ஜன்னல் கம்பியெல்லாம் அதிர்ந்ததாம். தெருவே வாசலுக்கு வந்து, புகை எந்தப் பக்கம் என்று பார்த்து, ஆளாளுக்குத் தன் வீட்டுப் பெண்களுக்குப் போன் போட்டிருக்கிறார்கள். உன் அம்மா பட்டாசுக் கம்பெனிக்குப் போகும் இந்த இருபத்தாறு வருஷத்தில் எங்கே சத்தம் கேட்டாலும் நான் முதலில் செய்வது அதைத்தான்; செல்போனை உள்ளே விட மாட்டார்கள், கேட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள் என்று தெரிந்தும் கூப்பிடுவேன். போன் இல்லாத காலத்தில் சைக்கிளில் கேட் வரை போய்விடுவேன். செவ்வாய்க்கிழமை நான் கூப்பிடவில்லை. எனக்கு எதுவுமே தெரியாது.

சத்தம் வேறொரு இடத்தில், கழிவு வெடிமருந்தை எரித்த குழியில் இருந்து வந்ததாம். சாமி புண்ணியத்தில் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. உன் அம்மாவின் கம்பெனியில் எல்லாரையும் வெளியே வரச் சொல்லி, போனைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். மற்றப் பெண்களின் போனில் வீட்டிலிருந்து ஆறு தடவை, எட்டு தடவை கூப்பிட்டது தெரிந்ததாம். உன் அம்மா போனில் ஒன்றுமில்லை. அவளே கூப்பிட்டாள், பதினாலு தடவை. நான் எடுக்கவில்லை. உடனே, இந்த மனுஷன் பதறிப்போய் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து வழியில் விழுந்துவிட்டார் என்று முடிவுகட்டி, ஷேர் ஆட்டோ பிடித்துவிட்டாள்.

நான் கண்ணைத் திறந்தபோது எதிரே நின்றாள். கை முழுக்க அலுமினியப் பொடி. காலில் ஒரு செருப்புதான் இருந்தது. நான் ஹெட்போனைக் கழற்றாமலே, இன்றைக்கு வேலை சீக்கிரம் முடிந்ததா என்று கேட்டேன். கேட்டேன் என்று நினைக்கிறேன், கத்தியிருப்பேன். அவள் தன் கையாலேயே அதைக் கழற்றினாள்.

"ரோட்டோரமெல்லாம் பாத்துக்கிட்டே வந்தேன்," என்றாள். "எங்கன விழுந்து கெடக்கீகளோன்னு."

பிறகு தரையில் உட்கார்ந்து அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க கூப்பிடலைன்னதும் எனக்குத்தான் என்னமோ ஆயிருச்சோன்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருஷமும் பயப்படுகிற வேலை என்னுடையது என்றுதான் இருந்தேன், வாணி. அவளும் அங்கே மருந்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, வீட்டில் சும்மா இருக்கிற என்னைப் பற்றிப் பயப்படுகிறாள்.

அன்று சாயங்காலமே ஸ்பீக்கர் பெட்டிகளைத் தூசி தட்டினேன். பிரீத்திகா படிக்காத நேரம் எது என்று கேட்டுக்கொண்டேன். சாயங்காலம் ஆறு முதல் ஏழு. சத்தத்தைக் குறைத்தால் எனக்குக் கேட்காது, ஆகவே ஒரு பெட்டியை ஒட்டி நான். மற்றப் பெட்டியோரம் வெங்காயம் உரித்தபடி உன் அம்மா. இத்தனை நாள் சத்தத்தில் வார்த்தையே விளங்கவில்லையாம், இப்போதுதான் என்ன பாடுகிறார்கள் என்று தெரிகிறதாம்.

வீட்டில் ஒருவர் மட்டும் பாட்டுக் கேட்பது சரிப்படாது என்பது என் முடிவு. ஹெட்போனை இதோடு பார்சலில் அனுப்புகிறேன். மாப்பிள்ளை வேலைக்குப் போகும் பஸ்ஸில் மாட்டிக்கொள்ளட்டும். அங்கே அவரை யாரும் தேட மாட்டார்கள். உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசி எப்போதும் உண்டு. நேரத்துக்குச் சாப்பிடு. அம்மா கூப்பிட்டால் முதல் மணியிலேயே எடு.

இப்படிக்கு,
உன் அப்பா
தங்கச்சாமி

பின்குறிப்பு: பார்சல் வரவில்லையே என்று தபால்காரரைச் சந்தேகப்படாதே. கட்டுவதற்கு முன்னால், எப்படித்தான் இருக்கிறது பார் என்று உன் அம்மா காதில் மாட்டிவிட்டேன். அது காலை ஒன்பது மணிக்கு. இப்போது பதினொன்றரை. குழம்பு அடிப்பிடித்த வாடை வந்து நான்தான் அடுப்பை அணைத்தேன். மூன்று தடவை கூப்பிட்டும் பார்த்தேன். கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறாள், உதடு மட்டும் அசைகிறது. அதனால் ஹெட்போன் இங்கேயே இருக்கட்டும். அவள் கேட்டு முடிக்கும்வரை இரண்டு போனையும் மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். என்ன சத்தம் வந்தாலும் நான் பார்த்துக்கொள்கிறேன்.