ஐந்து உடுப்பு மாப்பிள்ளை

பெருமதிப்புக்கும் பேரன்புக்கும் உரிய மைத்துனருக்கு,

உங்கள் அக்காள் வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் நலம். உங்கள் அக்காள் சில நாளாக என்னோடு பேசுவதில்லை, அதுவும் ஒருவகையில் நலமே. உங்கள் வீட்டார் நலமறிய ஆவல். நிற்க.

கட்டினால் அந்த டிரம்ஸ் வாசிக்கிறவரைத்தான் கட்டுவேன் என்று என் மகள் ஒற்றைக்காலில் நிற்பதும், தாய்மாமன் என்ற முறையில் நீங்கள் "பையன் தங்கம்" என்று போனில் சான்று கொடுத்ததும், வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் நான் முடிவு சொல்லியாக வேண்டும் என்பதும் நீங்கள் அறிந்ததே. தங்கமென்றால் உரசித்தானே பார்க்க வேண்டும்? கிடங்கு கிடங்காக அரிசி மூட்டையைக் குத்தித் தரம் பார்த்தே ஓய்வுபெற்றவன் நான். அவர் என்னை நேரில் பார்த்ததில்லை என்பதால் நானே களத்தில் இறங்கினேன்.

எடுத்த எடுப்பிலேயே இடித்தது என்னவென்றால், டிரம்ஸ்காரர் வீட்டில் சத்தமே இல்லை. எதிர்க்கடையில் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு விடிந்ததிலிருந்து காத்திருந்தேன், ஒரு டொம் கிடையாது, ஆனால் ஆட்கள் கையில் இரண்டு குச்சியோடு உள்ளே போகிறார்கள், வியர்த்து வெளியே வருகிறார்கள், அப்புறம் இவர் வட்ட வட்டமான கறுப்புப் பெட்டிகளை வண்டியில் ஏற்றுகிறார், அதில் ஓர் ஆளையே மடித்து வைக்கலாம். பின்னாலேயே போனேன். காலையில் பித்தளைப் பொத்தான் வைத்த சிவப்புச் சட்டை, அணிவகுப்பில் வாத்தியக் குழுவுக்கு முன்னால் நடக்கிறார். மத்தியானம் கசங்கிய அரைக்கைச் சட்டை, நடனப் பள்ளியில் மூலையில் உட்கார்ந்து தட்டுகிறார். சாயங்காலம் கறுப்புக் கோட்டு, ஓட்டல் கூடத்தில் கம்பித் துடைப்பம் மாதிரி ஒன்றை வைத்து டிரம்மைப் பெருக்கிக்கொண்டிருக்கிறார், சாப்பிடுகிறவர்கள் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இன்னொரு நாள் தோல் சட்டை, தலையை உதறி உதறி அடித்த அடியில் என் பல்செட்டே ஆடியது. இதெல்லாம் போக, ஒரு பெரிய அரங்கத்தில் நாற்பது பேர் கொண்ட இசைக்குழுவின் கடைசி வரிசையில் வெள்ளைக் கழுத்துப்பட்டையோடு கைகட்டி உட்கார்ந்திருந்தார், நிகழ்ச்சி முடியப் போகும்போது எழுந்து இரண்டு பித்தளைத் தட்டுகளைச் சேர்த்து ஒரே ஒரு தடவை 'ஜிங்', மறுபடி உட்கார்ந்துவிட்டார். ஒரே ஆளுக்கு ஐந்து உடுப்பு. மச்சான், திருடன்கூட இரண்டோடு நிறுத்திக்கொள்வான்.

உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும் என்று, பெயரை மாற்றிச் சொல்லி, பிள்ளைகுட்டி இல்லாத தனிக்கட்டை என்றும் சொல்லி, அவர் வீட்டிலேயே நடத்தும் டிரம்ஸ் வகுப்பில் மாணவனாகச் சேர்ந்தேன். உங்கள் அக்காள் பேசாமலிருப்பது இந்தத் தனிக்கட்டை விஷயம் காதுக்குப் போனதால்தான். உள்ளே பார்த்தால், எல்லாரும் அடிப்பது ரப்பர் தட்டை, அதனால்தான் சத்தமில்லை. எனக்கும் ஒன்றைக் கொடுத்து, வலது இடது வலது வலது, இடது வலது இடது இடது என்று அடிக்கச் சொன்னார். வாரக்கணக்கில் இதுதான். குச்சியை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன், கைப்பொருளை விட்டுவிட முடியுமா? அவர் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார்.

"குச்சி மேலயுமா சந்தேகம்? விட்டுப் பிடிங்க, அதுவா எழும்பி வரும்," என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அதோடு விட்டாரா? மாணவர்கள் மேடையேறும் நிகழ்ச்சிக்கு ஆள் எடுத்தபோது, பல் விழுந்த ஒரு சின்னப் பெண்ணைக்கூடச் சேர்த்துக்கொண்டு என்னை விட்டுவிட்டார். பெரிய மனுஷன் ஏன் என்று கேட்கிறேனே என்று பார்க்காமல் அத்தனை பேர் முன்னால் சொல்கிறார்:

"உங்க வலது கை அதிகாரி மாதிரி அதட்டுது, இடது கை பயந்துகிட்டே பின்னாடி வருது. இப்ப மேடை ஏறினா, உங்ககூட வாசிக்கிறவங்களும் தாளம் தப்பி விழுவாங்க. மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிங்க."

வயசுக்கு ஒரு மரியாதை வேண்டாமா மச்சான்? ஒரு கிழவனிடம் இனிப்பாக ரெண்டு வார்த்தை பொய் சொல்லத் தெரியாதவன் நாளைக்கு நம்ம பெண்ணை எப்படி வச்சுக் காப்பாத்துவான்? அதனால் இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். அதை அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், எனக்கு அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லை. உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும் குழந்தைகளுக்கு ஆசியும். உங்களுக்கு நீண்ட ஆயுளும், அதோடு கொஞ்சம் ஆளை எடைபோடும் திறமையும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அக்காள் வீட்டுக்காரன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மகள் வந்து இதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். நான் சேர்ந்த அன்றே அவர் அவளுக்குப் போன் பண்ணி, "உன் அப்பா வந்திருக்கார், பிள்ளைகுட்டி இல்லைங்கறார், நான் ஒண்ணும் கேட்டுக்கல," என்றாராம். குடும்பப் படத்தில் என்னை முன்பே பார்த்திருக்கிறாராம். அப்படியானால், பெண்ணைப் பெற்றவன் என்று தெரிந்துகொண்டே, ஞாயிற்றுக்கிழமை என் வாயிலிருந்துதான் பதில் வர வேண்டும் என்று தெரிந்துகொண்டே, என் இடது கையைப் பற்றி அப்படிச் சொல்லியிருக்கிறார். என் உத்தியோகக் காலம் முழுக்க என்னிடம் காரியம் ஆக வேண்டியிருந்த ஒருத்தன்கூட என்னிடம் உண்மை பேசியதில்லை, மச்சான். மேலே எழுதிய எல்லாவற்றையும் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள், கல்யாணத்துக்குத் தேதி பாருங்கள். செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம், எனக்கு வகுப்பு இருக்கிறது.