விறகுக்கு வந்த நீலத் தார்ப்பாய்

நெருப்பைக் கண்டுபிடித்தவனுக்குச் சிலை வைக்கிறோமோ இல்லையோ, விறகை மழையிலிருந்து மீட்க அவதரித்த அதிகாரி கியெமுக்குக் கட்டாயம் வைக்க வேண்டும். கோன் தும் மலையில் மழைக்கும் குறைவில்லை, விறகுக்கும் குறைவில்லை. இரண்டையும் 'விஞ்ஞான முறையில்' பிரித்து வைக்கத்தான் ஆளில்லாமல் இருந்தது. அந்தக் குறை தீர, 'குறைந்த செலவில் விறகுப் பாதுகாப்பு'த் திட்டத்தோடு அவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

இறங்கியது பியென் வீட்டு வாசலில். ஊரிலேயே அழகான விறகடுக்கு அவளுடையது. இருக்காதா பின்னே? கல்யாண விறகாயிற்றே! அந்த ஊரில் பெண் தன் கையாலேயே கஷ்கொட்டை மரம் வெட்டி, பிளந்து, அடுக்கி, மாப்பிள்ளை வீட்டுக்குச் சீராகக் கொண்டுபோக வேண்டும். வருங்கால மாமியார் வந்து பார்த்து, "யாரு அடுக்கினது?" என்பாள். "நான்தான்" என்று சொல்கிறவள் மருமகள். விறகு சரியில்லை என்றால் மாமியார் கேட்காமலே திரும்பிவிடுவாள். கல்யாணமும் அவளோடு போய்விடும். மாப்பிள்ளையாக வரவிருந்த தேங் மீது பியெனுக்கு உயிர். அவனுக்காகத் தோள் காய்த்துப்போக விறகு சுமந்திருந்தாள்.

"அடியில கல்லு, மேல கூரை விளிம்பு, ரெண்டு பக்கமும் காத்து. போதாதா சார்?" என்றாள்.

"செலவு எவ்வளவும்மா?"

"ஒண்ணுமில்ல."

"அங்கதான் தப்பு! செலவே இல்லன்னா அது எப்படிக் 'குறைந்த செலவு' ஆகும்? திட்டத்துலயே சேராதே!"

"விறகும் மூச்சு விட வேணாமா சார்?" என்று அவள் அப்பா ப்ரோல் மெல்ல இழுத்தார்.

"யோவ், காத்துலதான்யா ஈரமே இருக்கு! காத்தை அடைச்சிட்டா ஈரம் எந்த வழியா வரும்?"

இவ்வளவு பெரிய அறிவுக்கு ப்ரோல் ஒதுங்கி வழிவிட்டார். கியெமின் ஆட்கள் அடுக்கை நீலத் தார்ப்பாயில் தலை முதல் கால் வரை சுற்றி, பிணத்தைக் கட்டுவதுபோல் இறுக்கிக் கட்டினார்கள். 'ஆய்வு' முடியும்வரை யாரும் முடிச்சை அவிழ்க்கக் கூடாதென்று உத்தரவு. பியென் முடிச்சை அவிழ்க்கப் பாய்ந்தாள். "அதிகாரியப் பகைச்சுக்க வேணாம்டி" என்று அப்பா கையைப் பிடித்துக்கொண்டார்.

மழைக்காலம் முடிந்தது. திறப்பு விழாவுக்குப் பெரிய அதிகாரிகள் வந்தார்கள். தேங்கின் அம்மா லாங்கும் வந்தாள், அவளுக்குத் திட்டம் கிட்டம் ஒன்றும் தெரியாது. மருமகளின் விறகைப் பார்க்க வந்தவள்.

தார்ப்பாயை உருவினார்கள். உள்ளிருந்து ஆவி கிளம்பியது. விறகெல்லாம் வெள்ளைப் பூசணம்; இடுக்குக்கு இடுக்கு காளான் குடை விரித்திருந்தது.

"'துணை வருமானம்'!" என்றார் கியெம், காளானைக் காட்டி, கண் இமைக்காமல்.

லாங் அடுக்கை ஒரு சுற்று சுற்றி வந்து, முறைப்படி கேட்டாள். "யாரு அடுக்கினது?"

பியென் வாய் திறப்பதற்குள், பெரிய அதிகாரிகளின் காதில் விழும்படி கியெம் நெஞ்சை நிமிர்த்தினார். "நாங்கதான்! முழுக்க முழுக்க எங்க கைவண்ணம்!"

சிரிப்பை அடக்க ஊரே வாயைப் பொத்திக்கொண்டது. லாங் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"வயசுதான் கொஞ்சம் முத்திருக்கு. பரவாயில்ல. வாடி மருமகளே, வந்து அடுப்ப மூட்டு!"

முறை என்றால் முறை. பெண்கள் அவரைப் பிடித்து அடுப்பின் முன்னால் உட்கார வைத்தார்கள். ஊதினார், ஊதினார், புகைதான் வந்தது. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர்.

"ஐயோ, மருமக அழுவுறாளே!"

"மொத நாளு எல்லாருந்தான் அழுவோம், விடு" என்றாள் லாங். பிறகு ஒரு விறகுத் துண்டை எடுத்துக் கத்தியால் சீவிப் பார்த்துவிட்டு பியென் பக்கம் திரும்பினாள். "உள்ள நல்லாத்தான் இருக்கு பொண்ணு. பொளந்த கை ஒழுங்கான கை. பழைய எடத்துலயே அடுக்கு, காத்து பாத்துக்கும். காஞ்சதும் திரும்ப வந்து கேக்கறேன். எம்மவன் எங்கயும் ஓடிட மாட்டான்."

"சரி அத்தை" என்று பியென் விம்மிவிட்டாள்.

கியெம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "கவலைப்படாதேம்மா. அடுத்த மழைக்கு ரெட்டைத் தார்ப்பாய் போட்டுடலாம்."

"மழையில இருந்து விறகைக் காப்பாத்த எங்களுக்குத் தெரியும் சார்" என்றாள் பியென். "உங்ககிட்ட இருந்து எங்க ஒளிச்சு வைக்கிறதுன்னுதான் தெரியல."