கரை உடைய இருந்த அன்று நடக்காத கூட்டம்

ஊருக்குப் பொதுவாக ஓர் ஏரி இருந்தால் போதும், அதைக் காக்க ஓர் ஒருங்கிணைப்பாளர் தானாகவே முளைத்துவிடுவார். உங்கள் பக்கத்திலும் ஒருவர் இருப்பார்: கழுத்தில் அடையாள அட்டை, கக்கத்தில் பதிவேடு, வாயில் எந்நேரமும் "எல்லாரும் சேந்து முடிவெடுப்போம்."

நம்முடையவரைக் குறை சொல்லக்கூடாது. ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசாத விவசாயிகளையும் மீன் பிடிப்பவர்களையும் ஆடு மேய்ப்பவர்களையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தவர் அவர்தான். எழுந்திருக்க விடாததுதான் வம்பு.

ஒருநாள் காலை காய்கறித் தோட்டக்காரி மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"அண்ணே, கரையில ஓட்டை! உடைஞ்சா என் தோட்டம் மொத்தமும் போச்சு!"

"எவ்வளவு பெரிசும்மா?"

"கை நுழையுது."

"நாமளா போய் அடைச்சா நாளைக்கு மத்தவங்க கேக்க மாட்டாங்களா? மூணு தரப்பும் கையெழுத்துப் போடணும். பத்து மணிக்கு அவசரக் கூட்டம்."

"கூட்டம் முடியறதுக்குள்ள தலையே நுழையும்ணே!"

அதையும் குறித்துக்கொண்டார்.

பத்து மணிக்கு நாற்காலிகளைத் துடைத்து, பதிவேட்டை விரித்து, தொண்டையைக் கனைத்துக் காத்திருந்தார். பதினொன்றாயிற்று. ஈ காக்கை இல்லை. பன்னிரண்டுக்குப் பாவம், கண் கலங்கிவிட்டது. இந்த ஏரி மேல் தனக்கு மட்டும்தான் அக்கறையா? பதிவேட்டில் இருந்த இருபத்து மூன்று பெயருக்கும் எதிரே "வரவில்லை" என்று எழுதிக் கோடு போட்டார்.

பிறகு இருபத்து மூன்று பேரும் வந்தார்கள், இடுப்புவரை சேற்றோடு. மீன் பிடிப்பவர்கள் முங்கி ஓட்டையின் வாயை அடைக்க, விவசாயிகள் மண் மூட்டை சுமந்து கொட்ட, மேய்ப்பவர்கள் ஆடுகளை அதன்மேல் நடத்தி நடத்தி மண்ணை இறுக்கியிருந்தார்கள். தோட்டம் தப்பியது.

"யாரைக் கேட்டு அடைச்சீங்க?"

மீன்காரர் தலையிலிருந்த பாசியை எடுத்துப் போட்டார். "எல்லாரும் சேந்துதான்ணே முடிவெடுத்தோம்."

"எங்க வச்சு? யாருமே கூட்டத்துக்கு வரலியே!"

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் தோட்டக்காரி ஓடிவந்தபோது, 'அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே, எதற்கும் முறை என்று ஒன்று வேண்டாமா?' என்று உங்களுக்கும் ஒரு கணம் பட்டதா, இல்லையா? பட்டிருந்தால் சொல்லுங்கள். நம்மவர் ஒரு துணை ஒருங்கிணைப்பாளரைத் தேடிக்கொண்டிருக்கிறார்.